பழைய டிராக்டரில் ஆயில் ஒழுக்கு: எந்த சிலிகான் என்று கேட்பதற்கு முன்

நீங்கள் கேட்டது இது: பழைய மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள், டைமிங் கவர் (இன்ஜினின் முன்பக்க மூடி), சம்ப் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி), இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம், வலது பின்சக்கரம் என்று நாலு இடத்தில் ஆயில் ஒழுகுகிறது, பேக்கிங் (இணைப்புகளுக்கு நடுவில் வைக்கும் கேஸ்கெட்) செட் முழுதாக வாங்கிவிட்டீர்கள், எந்த சிலிகான் பேஸ்ட் பூசினால் மறுபடி ஒழுகாது? கேள்வி சிலிகானில் முடிந்தாலும், உள்ளே இருப்பது வேறு இரண்டு கேள்விகள் என்று நினைக்கிறேன். இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி என்று டிராக்டரை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டுமா என்பது ஒன்று. இவ்வளவும் செய்து பெயின்டும் அடித்த பிறகு அடியில் மறுபடி சொட்டாமல் இருக்குமா என்பது இன்னொன்று. பல வருஷமாகப் பழைய டிராக்டர் இன்ஜின்களில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேக்கிங் கெட்டுப்போனது ஒன்றே காரணமாக இருக்கும் ஒழுக்கு குறைவு. உள்ளே காற்றழுத்தம் கூடியிருக்கும், இல்லை ஷாஃப்ட் ஆடும், இல்லை இரும்பு முகம் வளைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் புதுசும் சீக்கிரமே போய்விடும்.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்கி சம்ப் பக்கம் வரத்தான் செய்யும். அது வெளியேற வைத்த வழிதான் பிரீதர். டாப்பெட் கவர் (இன்ஜினின் உச்சியில் உள்ள மூடி) மேலேயோ இன்ஜின் பக்கவாட்டிலோ இருக்கும். பலவற்றில் உள்ளே கம்பி வலை இருக்கும். தூசியும் ஆயில் கசடும் சேர்ந்து அது அடைத்துக்கொள்ளும். ரொம்ப நாள் நின்ற வண்டியில் குழாய்க்குள் குளவி மண் கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. வழி அடைத்தால் வாயு சும்மா இருக்காது, எந்த சீல் (ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) பலவீனமோ அதன் வழியாக ஆயிலையும் தள்ளிக்கொண்டு வரும். கழற்றி டீசலில் ஊறவைத்துக் கழுவி மாட்டுங்கள். அதன் பிறகும், இன்ஜின் சூடாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வேகமாகக் குப்குப்பென்று அடிக்கிறது என்றால் அது பேக் கம்ப்ரஷன். ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்திருக்கின்றன. மெல்லிய ஆவி மெதுவாக வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து மூன்று சிலிண்டரையும் ஒப்பிடுங்கள். பேக் கம்ப்ரஷன் உறுதியானால் முதலில் இன்ஜின் வேலை, அப்புறம்தான் சீல். கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் இரண்டுக்கும் இதே விதிதான். சூடேறினால் உள்ளே காற்று விரியும். மூச்சுத் துளை அடைத்திருந்தால் சக்கரப் பக்க சீல் வழியே ஆயில் வெளியே வரும். அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் அப்படித்தான். லெவல் பார்ப்பதற்குச் செலவே இல்லை, ஆனாலும் பலர் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

அடுத்து, எங்கிருந்து வருகிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டும். வருஷக்கணக்கில் ஆயிலும் மண்ணும் கெட்டியாகப் படிந்த இன்ஜினைப் பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது. டிராக்டர் ஓடுகிற நிலையில் இருக்கும்போதே முழுவதும் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரோ சாக்பீஸ் தூளோ தூவுங்கள். கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டி, பிறகு லோடு கொடுத்து, சூடேறிய பிறகு பாருங்கள். ஆயில் கீழே இறங்கும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரம் தெரிவதிலேயே எது உயரமானதோ, எது முன்னால் இருக்கிறதோ, அதுதான் மூலமாக இருக்க வாய்ப்பு அதிகம். டாப்பெட் கவரின் பின்மூலையில் கசியும் ஆயில் பிளாக்கின் பின்பக்கமாக இறங்கி, கிளட்ச் ஹவுசிங் அருகே சொட்டும். பார்த்தால் அச்சு அசலாகக் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் போனது போலவே இருக்கும். ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் சின்னக் குழாயும் ஃபில்டர் அடிப்பகுதியும் இதே மாதிரி ஏமாற்றும். டாப்பெட் கவர் பேக்கிங்குக்காக டிராக்டரையே இரண்டாகப் பிரித்தவர்கள் உண்டு. இணைப்பே இல்லாத இடத்தில், வார்ப்பு இரும்பின் நடுவில் ஈரம் வந்தால் விரிசலைச் சந்தேகியுங்கள். அந்த இடத்தைச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டு மேலே சாக்பீஸ் பூசினால், விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பூச்சின் மேல் கோடாக ஊறி வரும்.

இனி கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் துளை. அதில் ஒரு காட்டர் பின் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருக்கும். அது ஆடுவதால்தான் துளை அடைக்காமல் இருக்கிறது. அங்கே சொட்டுவதை வெள்ளைக் காகிதத்தில் பிடியுங்கள். டிராக்டரைப் பிரிக்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இந்தக் காகிதத்திலேயே கிடைத்துவிடும். கருப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் சீல். கியர் ஆயில் என்றால் கந்தக வாடையும் சேர்ந்து வரும். இன்ஜின் ஆயிலைப் புதுசாக மாற்றிய உடனே இந்தச் சோதனை செய்தால் குழப்பும், கொஞ்சம் ஓட்டிவிட்டுச் செய்யுங்கள். டீசல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலேயே டிப்ஸ்டிக்கில் லெவல் ஏறியிருந்தாலோ, சம்ப்புக்குள் டீசல் இறங்குகிறது. ஃபீட் பம்ப்பின் டயாபிரம் கிழிந்திருக்கலாம், அல்லது டீசல் பம்ப்பின் ஷாஃப்ட் சீல் போயிருக்கலாம். டீசல் கலந்து நீர்த்த ஆயில் எந்த சீல் வழியாகவும் சுலபமாக வெளியே வரும்; ஒழுக்கை விடப் பெரிய ஆபத்து, அது பேரிங்கைத் தின்றுவிடும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே வேண்டாம். ஹைட்ராலிக் பம்ப்பை இன்ஜினின் டைமிங் கியர் சுற்றும் மாடல்களில் இன்னொரு வழியும் உண்டு: பம்ப் ஷாஃப்ட் சீல் போனால் ஹைட்ராலிக் ஆயில் இன்ஜினுக்குள் போகும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஒரு பக்கம் லெவல் குறைந்து இன்னொரு பக்கம் ஏறுவதுதான் அடையாளம்.

காகிதத்தில் விழுந்தது கருப்பு, மேலிருந்து வழியவில்லை என்பதும் உறுதி என்றால், பிரித்துத்தான் ஆக வேண்டும். வெளியிலிருந்து எதைப் பூசியும் கிராங்கின் பின்பக்க சீல் ஒழுக்கை நிறுத்த முடியாது. உங்களுடையது எந்த மாடல் என்று நீங்கள் சொல்லவில்லை. மாஸி ஃபெர்குசன் 35-இல் வந்த பெர்கின்ஸ் ஏ3.152 போன்ற பழைய இன்ஜின் என்றால் அங்கே ரப்பர் சீல் இருக்காது. இரண்டு அரைவட்ட ஹவுசிங்கின் காடியில் பதித்த கயிறு சீல்தான் இருக்கும். கயிற்றைப் பதிப்பதில்தான் வேலையே. முதலில் இரண்டு முனைகளிலும் சுமார் 25 மில்லிமீட்டர் நீளத்தைக் காடியில் அழுத்திவிட வேண்டும். அப்போது ஒவ்வொரு முனையும் ஹவுசிங் முகத்துக்கு மேல் 0.25 முதல் 0.50 மில்லிமீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் வளைந்து நிற்கும் மீதிக் கயிற்றை மையத்திலிருந்து இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டே வந்து, உருண்டையான கம்பி ஒன்றை உருட்டி உள்வட்டத்தைச் சமமாகப் படியவைக்க வேண்டும். முனைகள் முதலிலேயே பிடித்துக்கொள்வதால் கயிறு காடிக்குள் நன்றாக இறுகும். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டு போனால் கயிறு இழுபட்டு நீளும், கடைசியில் அதிகம் என்று நினைத்து வெட்டுவீர்கள். கொஞ்ச நாளில் இரண்டு அரைவட்டமும் சேரும் இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும். கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டிய பிறகு கிராங்க் கையால் சுற்றக் கொஞ்சம் கடினமாக இருப்பது சரியான அறிகுறி. மெயின் பேரிங் தேய்ந்து கிராங்க் மேலும் கீழும் ஆடினால் எந்தக் கயிறும் நிற்காது. அதனால் டயல் கேஜ் வைத்து ஆட்டத்தைப் பார்க்காமல் சீலைத் தொடாதீர்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கயிறு சீல், மாட்டும்போதே முழு வறட்சியை எதிர்பார்த்துச் செய்த அமைப்பு அல்ல. லேசான ஈரம் இருந்தால் அது பழுது இல்லை. ரப்பர் சீலாக மாற்றும் செட் சில இன்ஜின்களுக்குக் கிடைக்கிறது. கிராங்கின் முகத்தில் கீறலோ பள்ளமோ இல்லையென்றால் மட்டுமே அதனால் பயன்.

பிரிக்கும்போது ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. இந்த டிராக்டர்களில் முன் ஆக்ஸில் நடுவில் ஒரே ஒரு பின்னில் ஊஞ்சலாடும். கியர்பாக்ஸிலிருந்து விடுபட்ட அந்த நிமிஷமே இன்ஜின் பாதி பக்கவாட்டில் சாயப் பார்க்கும். ஆக்ஸிலுக்கும் அதன் மேலே இருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடித்து, அப்புறம் இரண்டு பாதியையும் உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை நடுவில் விட வேண்டாம். ஒரு தடவை பிரித்தால் கியர்பாக்ஸ் முன் சீல், கிளட்ச் ரிலீஸ் பேரிங், ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங் எல்லாவற்றையும் சேர்த்தே பாருங்கள். கேம் ஷாஃப்ட் பின்முனையை அடைக்கும் தகட்டு மூடியும் சில இன்ஜின்களில் கசியும். பழைய கயிறு, பேக்கிங், கிளட்ச் பிளேட், பிரேக் லைனர் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள்.

டைமிங் கவர் சீலுக்கு வருவோம். சீல் ஓடுகிற இடத்தை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் ரப்பர் உதடு அங்கே பள்ளம் போட்டுவிட்டது. புது சீல் போட்டாலும் கொஞ்ச நாள்தான் தாங்கும். அதற்கு மேலே ஏற்றுகிற மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கும், சுமார் 0.28 மில்லிமீட்டர் தடிமன்தான் என்பதால் பழைய அளவு சீலே போதும். ஹவுசிங்கில் இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைத்து, தேயாத இடத்தில் ஓடவிடுவதும் உண்டு. எமரி பேப்பரால் மெருகேற்றும்போது ஷாஃப்ட்டைச் சுற்றவிட்டுப் பேப்பரை ஒரே இடத்தில் பிடியுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் மரை போலச் சுருள் கீறல் விழுந்து, அதுவே ஆயிலை வெளியே பம்ப் செய்யும். ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும், உதட்டில் ஆயில் தடவியிருக்க வேண்டும், சாவிக் காடியின் (ஷாஃப்ட்டில் கீ உட்காரும் பள்ளம்) விளிம்பு உதட்டைக் கிழிக்காமல் டேப் சுற்றியிருக்க வேண்டும். தோல் சீல் கிடைத்தால் மாட்டுவதற்கு முன் ஆயிலில் ஊறப்போடுங்கள். கவரின் போல்ட்டுகளை இறுக்கும் முன் சீல் ஷாஃப்ட்டுக்கு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். போல்ட் துளைகளில் கவர் கொஞ்சம் நகரும். அந்த நகர்வில்தான் பல புது சீல்கள் முதல் நாளே ஒழுகுகின்றன.

சரி, சிலிகான். சம்ப்பைக் கழற்றி அதன் விளிம்பைப் பாருங்கள். தகட்டு சம்ப்பாக இருந்தால் யாரோ எப்போதோ போல்ட்டை மிதமிஞ்சி இறுக்கி, துளையைச் சுற்றித் தகடு மேலே குழிந்திருக்கும். அப்போது போல்ட் உள்ள இடம் மட்டும் அழுந்தும், இடைப்பட்ட இடம் திறந்தே இருக்கும். தட்டையான இரும்புக் கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி நேராக்கினாலே பாதி ஒழுக்கு நிற்கும். வார்ப்பு முகமாக இருந்தால் நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். சின்னக் கவராக இருந்தால் கண்ணாடிப் பலகை மேல் எமரி பேப்பரை விரித்துத் தேய்த்துச் சமமாக்கலாம். பழைய பேக்கிங்கைச் சுரண்டியால் எடுங்கள். கிரைண்டரில் மாட்டும் உராய்வு டிஸ்க் வேண்டாம், அதன் தூள் உள்ளே போனால் பேரிங் போய்விடும். ரொம்ப நாள் கிடந்த தக்கை பேக்கிங் காய்ந்து சுருங்கித் துளைகளோடு பொருந்தாது; கொஞ்ச நேரம் நீரில் ஊறவைத்தால் பழைய அளவுக்கு வரும்.

முகம் சரியாக இருந்தால் பேப்பர் பேக்கிங்குக்கு இறுகாத வகைப் பேஸ்ட் மெல்லிய படலமாகப் போதும், சிலவற்றுக்கு அதுவும் வேண்டாம். பேக்கிங்கே இல்லாமல் கடைந்த இரும்பு முகம் இரண்டு நேரடியாகச் சேரும் இடத்தில், காற்று படாதபோது இறுகும் அனரோபிக் பேஸ்ட் சரி. சிலிகானுக்கு நியாயமான இடம், சம்ப்பின் தட்டை பேக்கிங்கும் இரண்டு முனையில் இருக்கும் வளைந்த துண்டும் சந்திக்கிற நாலு மூலைகள். அங்கே ஒரு சொட்டு வையுங்கள். விளிம்பு முழுக்கக் கொழகொழவென்று பூசினால், வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துண்டு பிய்ந்து ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையில் உட்கார்ந்தால் ஒழுக்கு நிற்பதற்குப் பதில் இன்ஜினே நிற்கும். எந்தக் கம்பெனி என்பது எனக்கு முக்கியமில்லை. இன்ஜின் ஆயிலைத் தாங்கும் என்று டியூபில் எழுதியிருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடிக்குப் பூசுகிற, வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். சம்ப் போல்ட்டை நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறிமாறி இறுக்குங்கள், தக்கை லேசாகப் பிதுங்க ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். டிரெயின் பிளக்கின் செம்பு வாஷர் பழசாக இருந்தால் மங்கலான சிவப்பு வரும் வரை சூடாக்கி ஆறவிடுங்கள்; மறுபடி மெதுவாகி நன்றாக உட்காரும்.

நீங்கள் சொன்ன நாலில் வலது பின்சக்கரத்தை நான் முதலில் வைப்பேன். மற்றவை அழுக்கும் ஆயில் செலவும். இது உயிர் விஷயம். பிரேக் டிரம் சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கும் மாடல்களில் ஆக்ஸில் சீல் தாண்டி வரும் ஆயில் நேராக லைனரில் இறங்கும். ஒரு பக்கம் மட்டும் பிடிக்காத பிரேக்கை இரண்டு பெடலையும் சேர்த்து வேகத்தில் மிதித்தால் டிராக்டர் பிடிக்கிற பக்கமாகத் திரும்பிவிடும். ஆயில் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மறுபடி போடுவார்கள். சூடேறியதும் உள்ளிருந்து ஆயில் ஊறி வரும், ஆகவே மாற்றிவிடுங்கள். சீலை மாற்றும் முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் அசைத்து பேரிங் ஆட்டம் பாருங்கள். ஆட்டம் இருந்தால் சீலுக்கு ஆயுள் இல்லை. ஆக்ஸில் ஹவுசிங், ஸ்டீயரிங் பாக்ஸ் இரண்டிலும் ஒரு எச்சரிக்கை: சில இடங்களில் பேக்கிங்கோ அதோடு வரும் மெல்லிய தகடுகளோ ஒழுக்குக்காக மட்டும் வைத்தவை அல்ல, பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிக்கிற ஷிம்மும் அவைதான். எத்தனை இருந்தன, என்ன தடிமன் என்று கழற்றும்போதே அளந்து எழுதிவையுங்கள். அங்கே கூடுதலாக ஒரு பேக்கிங்கோ தடித்த சிலிகானோ வைத்தால் ஒழுக்கு நின்று பேரிங் கெடும். உங்கள் மாடலின் ஒர்க்‌ஷாப் மானுவல் இல்லாமல் இந்தப் பகுதியை மட்டும் திறக்காதீர்கள். என் அனுபவத்தில் சொல்லும் எந்த அளவும் மானுவலுக்கு ஈடாகாது.

ஹைட்ராலிக் பைப், டீசல் நாசில் பைப் இரண்டிலும் ஒழுக்கைத் தேடும்போது விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஓடும் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. ஊசித்துளையில் வரும் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் இருக்காது, ஆனால் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரலாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இனி சொல்லும் இரண்டில் அவ்வளவு உறுதி இல்லை. ஆயிலில் ஊற்றினால் சீல் ஊதி ஒழுக்கு நிற்கும் என்று விற்கும் மருந்துகள் கடினமாகிப்போன ரப்பரைக் கொஞ்சம் மெதுவாக்கும், அது உண்மை. கயிறு, தக்கை, பேப்பர் எதற்கும் அவற்றால் பயனில்லை. பிரித்து வேலை செய்யும் வண்டியில் அவற்றுக்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று, டிடர்ஜென்ட் உள்ள புது ஆயில் ஊற்றியதும் பழைய இன்ஜின் ஒழுக ஆரம்பிக்கும் என்ற பேச்சு. கசடு அடைத்துவைத்திருந்த வழியை அது கழுவித் திறந்திருக்கலாம். அப்படியானால் ஒழுக்கு முன்பே இருந்திருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது. அதற்காகப் பழைய வகை ஆயிலுக்குத் திரும்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் மாற்றுக் கருத்துள்ள நல்ல மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள்.

பெயின்டைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். எல்லாம் மாட்டியதும் கியர்பாக்ஸின் மூச்சுத் துளை வழியே 2 முதல் 3 பிஎஸ்ஐ காற்று மட்டும் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். பிறகு ஆயில் ஊற்றி, சூடேறும்வரை ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, தக்கை பேக்கிங் உள்ள போல்ட்டுகளை ஒரு சுற்று பாருங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கும். லோடு கொடுத்து ஓட்டி, இரவு முழுக்க அட்டை விரித்து நிறுத்துங்கள். கயிறு சீல் உள்ள இன்ஜினில், அட்டையில் கிளட்ச் துளைக்கு நேர் கீழே ஒரு கருப்புப் புள்ளி மட்டும் இருந்து, மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருந்தால் பெயின்டை எடுங்கள். சக்கரத்துக்குக் கீழே புள்ளி இருந்தால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மறுபடி கழற்றுங்கள்.